வளர்கிற பிள்ளைக்கு எந்த ஜாக்கெட்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இடது கைப் பழக்கம். எட்டு மாதமாகத் துப்பாக்கி சுடுதலில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். இனி சுடும்போது போடும் கெட்டியான ஜாக்கெட் சொந்தமாக வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். வளர்கிற பிள்ளை, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் நாலு வருடம் வரும் என்பது வீட்டில் உள்ளவர்களின் எண்ணம். பேன்ட், ஷூ எல்லாம் சேர்த்தே வாங்க வேண்டுமா? தெரிந்த பையன் ஒருவனின் பழைய ஜாக்கெட்டும் கிடைக்கிறது. எது நல்லது?

பதில்: பெரிய சைஸ் வேண்டாம், சகோதரி. பள்ளிச் சீருடையை அப்படி வாங்கலாம். இந்த ஜாக்கெட்டை அப்படி வாங்கினால் வாங்கிய பயனே இல்லாமல் போகும்.

உங்கள் மகள் நின்று குறி பார்க்கும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். வலது இடுப்பை இலக்குப் பக்கம் தள்ளி, முதுகைக் கொஞ்சம் பின்னால் வளைத்து, வலது முழங்கையை விலாவோடு சேர்த்து இடுப்பில் ஊன்றியிருப்பாள். ரைஃபிளின் எடை அந்தக் கை எலும்பு வழியாக இடுப்புக்கும் காலுக்கும் இறங்குகிறது. வளைந்த முதுகு களைத்துப் போகாமல் தாங்குவதும், நாடித்துடிப்பு ரைஃபிளுக்குப் போவதைக் குறைப்பதும்தான் அந்தக் கெட்டியான துணியின் வேலை. பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. ஜாக்கெட் தொளதொள என்றிருந்தால் முழங்கை ஊன்றும் இடத்தில் துணி மடியும். அந்த மடிப்பு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு இடத்தில் விழும். பிள்ளை அதைச் சரிக்கட்ட உடம்பைச் சாய்ப்பாள். ஆறு மாதத்தில் அந்தச் சாய்வே பழக்கமாகிவிடும், அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

என்னிடம் பழகிய 13 வயதுப் பையன் ஒருவனுக்கு வீட்டில் அப்படித்தான் பெரிதாக வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டு இடைவெளியை நிரப்பிக்கொள்வான். பயிற்சியில் நன்றாகவே சுட்டான். போட்டியன்று உடைச் சோதனை மேசையில் ஸ்வெட்டர்களைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே போடும் துணிக்கும் தடிமன் வரம்பு உண்டு. அன்று 60 ஷாட்டும் தனக்குப் பழக்கமில்லாத ஒரு ஜாக்கெட்டுக்குள் நின்று சுட்டான். அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கடையிலேயே நான் கூடப் போயிருக்க வேண்டும்.

ரொம்பப் பிடிப்பாகவும் வாங்கக் கூடாது. சர்வதேச விதிப்படி துணி ஒற்றையாக 2.5 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. பட்டனைப் போட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் இழுத்தால் பட்டனின் நடுவிலிருந்து காஜாவின் வெளி ஓரம் வரை 70 மி.மீ.யாவது ஏற வேண்டும். நீளம், கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு சைஸ் பெரியது இதிலேயே மாட்டிக்கொள்ளும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், வாங்கும் முன் நடப்பு விதிப்புத்தகத்தைக் கோச்சோடு உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வளர்ச்சிக்கு இடம் வேண்டும் என்றால் பட்டனில் தேடுங்கள். உடம்பு பெருக்கப் பெருக்கப் பட்டனை ஓரத்துப் பக்கம் நகர்த்தித் தைக்கலாம். அதற்குத் துணி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தோள் அகலமும் கை நீளமும் மட்டும் இன்றைய உடம்புக்கு இருக்க வேண்டும். அவற்றைப் பிறகு மாற்ற முடியாது.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்க வைத்தால் போதாது. பயிற்சியில் போடும் அதே உள்சட்டையோடு, ரைஃபிளைத் தூக்கி நிற்க வையுங்கள். கால்மணி நேரமாவது எடுத்து, இறக்கி, எடுத்து நிற்கட்டும். காலர் தாடையைத் தள்ளுகிறதா, அக்குளில் துணி இழுக்கிறதா என்று பாருங்கள். “இங்கே குத்துது” என்று பிள்ளை சொன்னால், போடப் போடச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லாதீர்கள். புது ஜாக்கெட் விறைப்பு குறைந்து உடம்புக்குப் படியும், உண்மைதான். ஆனால் தவறான இடத்தில் இருக்கும் தையல் இடம் மாறாது.

பழைய ஜாக்கெட்டை நான் பொதுவாக வரவேற்பேன். வளர்கிற பிள்ளைக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்தப் பையன் வலது கைக்காரன் என்றால் வேண்டாம். ரைஃபிள் கட்டை பதியும் வழுக்காத ஒட்டு அவனுக்கு வலது தோளில் இருக்கும், உங்கள் மகளுக்கு அது இடது தோளில் வேண்டும். பட்டன் பக்கமும் மாறும். இடது கைக்காரர்களுக்கென்றே தைத்த பழையது கிடைத்தால், இடுப்புப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். சாதாரணச் சட்டை போல மடங்கினால் விட்டுவிடுங்கள்.

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். முதலில் ஷூவும் ரைஃபிளைத் தாங்கும் கைக்குக் கிளவுஸும். ஓடுகிற ஷூவின் மெத்தென்ற அடிப்பாகத்தில் நின்றால் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். தட்டையான அடி கொண்ட ஷூ போட்ட அன்றே வித்தியாசம் அவளுக்கே தெரியும். அடுத்து ஜாக்கெட். பேன்ட் கடைசியில். இடுப்பும் காலும்தான் இந்த வயதில் சீக்கிரம் மாறும், ஒரு வருடம் போனாலும் குறையில்லை.

கேள்வி: மகனின் சுடுதல் ஜாக்கெட் வியர்வை நாற்றம் அடிக்கிறது. மெஷினில் துவைக்கலாமா?

பதில்: கூடாது, விறைப்பும் வடிவமும் போய்விடும். பயிற்சி முடிந்ததும் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, பட்டனைப் போட்டு, அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். தோல் வைத்த ஜாக்கெட் என்றால் வெயில் படவே கூடாது. உள்ளே பருத்திச் சட்டை ஒன்று தினமும் மாற்றிப் போடச் சொல்லுங்கள், நாற்றம் பாதி அதிலேயே போகும்.