பட்டா நிலம்னா ஓடையையும் மூடிக்கலாமா? ஏரிக்குக் கீழ வர்ற அபார்ட்மெண்ட் பத்தி ஒரு கேள்வி

கேள்வி: எங்க ஊர் ஏரி கலங்கலுக்குக் (உபரித்தண்ணி வெளியேறற இடம்) கீழ 11 ஏக்கர்ல 320 வீடு வரப்போகுது. 2015 டிசம்பர்ல அந்த இடத்துல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. இப்போ மூணு மாசமா லாரி லாரியா மண்ணு கொட்டி 4 அடி உசத்திட்டாங்க. எங்க தெரு கலங்கலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவுல இருக்கு, இனிமே மழை வந்தா தண்ணி எங்க போகும்னு தெரியல. கிராம சபையில பாதி பேர் எதிர்ப்பு, பாதி பேர் ரோடு வரும், நிலம் விலை ஏறும்னு ஆதரவு. என் மச்சானே ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டான். கோபத்துல ஊர் வாட்ஸ்அப் குரூப்ல "ஆபிஸர் காசு வாங்கிட்டார்"னு வேற போட்டிருக்கோம். "பட்டா இடம், அப்ரூவல் சீக்கிரம் வந்துரும், ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறாங்க. கேஸ் போட்டா நிக்குமா?

பதில்: சார், நிக்கும், ஆனா எப்படி போடறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. "ஏரி பக்கத்துல வீடு கட்டக்கூடாது"னு மனு எழுதினீங்கன்னா எதிர்தரப்பு வக்கீல் எந்திரிச்சு "இது பட்டா நிலம்"னு ஒத்த வரி சொல்லிட்டு உக்காந்துருவார். உங்க சண்டை கட்டடத்தோட இல்ல, தண்ணி போற வழியை அடைச்சதோட.

அதனால முதல் வேலை ரெக்கார்டு. அந்த 11 ஏக்கர்ல இருக்கற ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எஃப்எம்பி ஸ்கெட்ச் (நிலத்தோட அளவு வரைபடம்), அ-பதிவேடு (நிலம் யாருது, என்ன வகைன்னு இருக்கற கிராமப் பதிவேடு), அப்புறம் கிராம வரைபடம், மூணையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கலங்கல்ல இருந்து கிளம்பற வாய்க்கால் எந்த நம்பர் வழியா போகுது, எந்த இடத்துல "காணாம போகுது"ன்னு தெரிஞ்சிடும். ஆன்லைன்ல வர்றதோட நிறுத்திக்காதீங்க, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச யூடிஆர்ல சில ஓடை பக்கத்து பட்டாவோட கலந்து போனதும் உண்டு, அதனால அதுக்கு முந்தின செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்க.

அதுல ஓடை புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா உங்க கேஸ் பலமா ஆயிடுச்சு. நீர்நிலைகளைக் காப்பாத்தணும்னு உச்ச நீதிமன்றம் 2001ல ஹிஞ்ச் லால் திவாரி வழக்குலயும், ஊர் பொது நிலத்தை ஆக்கிரமிச்சதை ஒழுங்குபடுத்தக் கூடாதுன்னு 2011ல ஜக்பால் சிங் வழக்குலயும் சொல்லியாச்சு, நம்ம உயர் நீதிமன்றமும் 2005லயே எல்.கிருஷ்ணன் வழக்குல ஓடை புறம்போக்கு விஷயத்துல கறாரா நின்னுச்சு. ஏரி நீர்வளத்துறை கட்டுப்பாட்டுல இருந்தா 2007ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு சட்டமும் இருக்கு.

சரி, வாய்க்கால் முழுக்க பட்டா நிலத்துக்குள்ளயே ஓடுதுன்னு வச்சுக்கோங்க. அப்பவும் கதை முடியல. 1882ம் வருஷ ஈஸ்மெண்ட் சட்டம் (அக்கம்பக்கத்து நிலத்துக்காரங்களுக்குள்ள வழி, தண்ணி மாதிரி உரிமைகளைச் சொல்றது) 7வது பிரிவைப் பாருங்க, மேட்டு நிலத்துல விழற மழைத்தண்ணி இயற்கையா கீழ் நிலத்துக்கு ஓடறதை கீழ் நிலத்துக்காரர் விட்டே ஆகணும்னு உதாரணத்தோட எழுதியிருக்கு. உங்க தெருதான் அந்த மேட்டு நிலம். அவர் தன் இடத்தை உசத்தலாம், ஆனா உங்க தண்ணிக்கு வழி விடணும். இதுக்கு சிவில் கோர்ட்ல தடை உத்தரவு கேக்கலாம், தெரு முழுக்க சார்பா ஒருத்தர் ரெண்டு பேர் வழக்கு போடவும் வழி இருக்கு.

இங்க நான் சூடு பட்ட கதை ஒண்ணு சொல்றேன். இதே மாதிரி ஒரு வழக்குல வரைபடத்துல வாய்க்கால் 6 மீட்டர், நேர்ல ஒரு 2 அடி சிமெண்ட் பைப்பு, அவ்வளவுதான். கோர்ட் அட்வகேட் கமிஷனரை (இடத்தை நேர்ல பாத்து ரிப்போர்ட் கொடுக்கற வக்கீல்) அனுப்புச்சு, அவர் போனது சித்திரை மாசம், காய்ஞ்சு கிடந்த இடத்தைப் பாத்துட்டு "வாய்க்கால் எதுவும் தென்படவில்லை"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டார், அதை மாத்த எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு. அதனால கமிஷனரை அனுப்பச் சொல்லி நீங்க கேட்டா சர்வேயரோட சேர்த்து கேளுங்க, நில மட்டத்தை அளந்து லெவல் எடுக்கச் சொல்லுங்க. 2015 தண்ணி நின்ன கறை இன்னும் எந்த வீட்டு சுவத்துலயாவது இருந்தா டேப் வச்சு அளந்து, டேப் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க.

அடுத்தது நீர்வளத்துறை என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. இந்த மாதிரி இடத்துக்கு வெள்ளம் தேங்குமான்னு பாத்துத்தான் கொடுப்பாங்க, அதுல பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும், நிலத்தை இத்தனை மட்டத்துக்கு உசத்தணும்னு. வேடிக்கை என்னன்னா அந்த நிபந்தனை உள்ள குடிவரப்போறவங்களைத்தான் காப்பாத்தும், பக்கத்துத் தெருவை இல்ல. ஆனா வாய்க்காலை இவ்வளவு அகலத்துக்கு விடணும்னும் அதுலயே இருக்க வாய்ப்பு அதிகம். அதை மீறினதைக் காட்டினா போதும்.

இப்ப நீங்க கவனிக்காம விட்ட பெரிய பாயிண்ட். 320 வீடுன்னா கட்டடப் பரப்பு பெரும்பாலும் 20,000 சதுர மீட்டரைத் தாண்டிடும், தாண்டினா 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த அனுமதி வர்றதுக்கு முன்னாடி கட்டுமானம் மட்டும் இல்ல, நிலத்தைத் தயார்படுத்தற வேலையே கூடாது, வேலி போட்டு இடத்தைப் பாதுகாக்கறதுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. 4 அடி மண்ணு கொட்டினது எதுல சேரும், நீங்களே சொல்லுங்க. சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசோட பரிவேஷ் வெப்சைட்ல ப்ராஜெக்ட் பேரைப் போட்டு அனுமதி வந்துச்சா, மனு நிலுவையான்னு பாருங்க, விண்ணப்பத்துல வாய்க்கால் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னும் படிங்க. ஒரு விஷயம், வீட்டு ப்ராஜெக்டுக்கு பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்ல, அதனால "எங்களைக் கேக்கலையே"ன்னு அதுல சக்தியை வீணாக்காதீங்க. கிராம சபைத் தீர்மானமும் அப்படித்தான், அது மட்டுமே அப்ரூவலை நிறுத்தாது, ஆனா ஃபைல்ல சேரட்டும்.

மண்ணு கொட்டின விஷயத்தை சென்னைல இருக்கற தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயத்துல கொண்டு போகலாம். ஆனா கெடு இருக்கு. தீர்ப்பாயச் சட்டம் 14வது பிரிவுல, பிரச்னை முதல்ல எழுந்த நாள்ல இருந்து 6 மாசம், போதுமான காரணம் சொன்னா இன்னும் 60 நாள். உங்க கணக்குல பாதி போயிடுச்சு. சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துட்டாங்கன்னா அதை எதிர்த்து அப்பீலுக்கு 30 நாள்தான், அதுக்கு மேலயும் 60 நாள் வரைதான் மன்னிப்பாங்க. தீர்ப்பாயம் பாக்க வேண்டிய விஷயத்தை சிவில் கோர்ட் பாக்கக்கூடாதுன்னு அதே சட்டத்தோட 29வது பிரிவு சொல்லுது, அதனால அங்க சுற்றுச்சூழல், இங்க உங்க தெருவோட வடிகால் உரிமை, ரெண்டையும் ஒரே மனுல போட்டுக் குழப்பிடாதீங்க. மழை நெருங்கிட்டா ஆர்டிஓகிட்ட பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ல அடைப்பை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கறது வேகமான வழி, பழைய சிஆர்பிசி 133தான் அது.

மச்சான் விஷயம். அப்ரூவலே வராத ப்ராஜெக்டுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் எப்படி வந்திருக்கும்? பதிவு இல்லாம விளம்பரமோ புக்கிங்கோ பண்ணவே கூடாதுன்னு ரெரா 3வது பிரிவு சொல்லுது, மீறினா ப்ராஜெக்ட்டோட மதிப்பீட்டுச் செலவுல 10 சதவீதம் வரை அபராதம். அவர் கையில இருக்கற அட்வான்ஸ் ரசீது உங்களுக்கு நல்ல ஆவணம், ஆனா குடும்பத்துல பேசி சம்மதத்தோட வாங்குங்க, தெரியாம போட்டோ எடுத்து கோர்ட்ல கொடுத்தீங்கன்னா வர்ற தீபாவளிக்கு யார் வீட்டுக்கும் போக முடியாது.

அப்புறம் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல "ஆபிஸர் காசு வாங்கிட்டார்"னு போட்டிருக்கறதா எழுதியிருக்கீங்க. ஆதாரம் இல்லன்னா இன்னிக்கே எடுத்துடுங்க, அவதூறு வழக்கு போட்டு உங்களை ரெண்டு வருஷம் அலைய விட அது ஒண்ணு போதும்.

என்ஓசி நகல், அதோட வரைபடம், நிபந்தனைகள், இது மூணையும் கேட்டு நீர்வளத்துறைக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு), திட்ட அனுமதி ஃபைலைக் கேட்டு டிடிசிபிக்கு (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இன்னொண்ணு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. பதிலுக்கு 30 நாள் ஆகும், அது வரட்டும்னு தீர்ப்பாய மனுவை தள்ளிப் போடாதீங்க, முதல் லாரி வந்த தேதியை மட்டும் இப்பவே எழுதி வச்சுக்கோங்க.