குழு லோன் வாங்கி ஆடு பிடிக்கலாமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கிராமம். கணவருக்குக் கட்டட வேலை, நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறேன். குழுவில் 50,000 ரூபாய் லோன் தருகிறார்கள். 24 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. ஏழெட்டு வெள்ளாடு பிடிக்கலாம், எட்டாவது படிக்கும் மகன் மேய்த்துக்கொள்வான், அவனுக்குப் படிப்பும் ஏறவில்லை என்கிறார் கணவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இந்தக் கணக்கில் வேண்டாம்.

ஆடு மேய்ச்சலுக்குப் போவது காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. பள்ளிக்கூடமும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால்தானே மகன் பெயர் வந்தது? அப்படியென்றால் உங்களுக்கு லாபமாகத் தெரிவதே அவனுக்குக் கொடுக்காத கூலிதான். 14 வயது முடியாத பிள்ளை, பள்ளி முடிந்தும் லீவு நாளிலும் வீட்டுத் தொழிலில் கூடமாட உதவலாம். படிப்பு கெடக் கூடாது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமே அவ்வளவுதான் விடுகிறது.

அடுத்தது தவணை. குறையும் அசலுக்கு வட்டி என்றால் மாதம் 2,640 ரூபாய் சொச்சம். பிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழு 50,000-க்கும் வட்டி என்றால் 3,080-ஐத் தாண்டும். எது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விலைக்கு வர இன்னும் ஆறு மாதமாவது ஆகும். தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். ஒரு மாதம் தவறினால் குழுப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். அப்புறம் பையன் வேறு கூலிக்கும் போகவேண்டி வரும்.

ஐரோப்பாவில் உள்ள போஸ்னியா நாட்டில், வழக்கமாகக் கடன் மறுக்கப்படும் குடும்பங்களுக்குச் சிறுகடன் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்த வீடுகளில் 16 முதல் 19 வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது குறைந்தது, வீட்டுத் தொழிலில் வேலை நேரம் கூடியது. எல்லாக் கடனும் அப்படியல்ல. ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதத்தில் கைக்கு வரும் கடன், பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் காப்பாற்றுவதும் உண்டு.

ஆடுதான் வேண்டுமென்றால் சினையாடு இரண்டு போதும். கட்டிப்போட்டு, காலையும் மாலையும் நீங்கள் இருவரும் தழை ஒடித்துப் போடுங்கள். லோனும் 15,000-க்குள் நிற்கும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது.

படிப்பு ஏறவில்லை என்பதை வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசுங்கள், ஆட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். கணவர் பிடிவாதம் பிடித்தால், ஊரில் மேய்ச்சல்காரருக்கு மாதக் கூலி என்னவென்று விசாரித்து, அதைச் செலவுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். மிச்சம் என்ன நிற்கிறது என்று அவரே பார்க்கட்டும்.