அட்லஸில் போட்ட பிறகும் கேம் ஏன் திக்குகிறது?

கேள்வி இதுதான்: ஜாவாவில் கேம் எழுத உதவும் லிப்ஜிடிஎக்ஸில் ஒரு 2டி கேம். சுமார் 200 படங்களை அதன் டெக்ஸ்சர்பேக்கர் கருவியை வைத்து அட்லஸ் (சின்னப் படங்களைப் பெரிய படங்களில் அடுக்கிய தொகுப்பு) ஆக்கியாயிற்று. ஆனாலும் எதிரிகள் கூடினால் பழைய போனில் திக்குகிறது. என்ன காரணம்?

படங்கள் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். எதிரிகளுக்கு ஒன்று, பட்டன்களுக்கு ஒன்று, எஃபெக்ட்டுகளுக்கு ஒன்று என்றுதானே வைத்திருப்பீர்கள்? நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். டெக்ஸ்சர்பேக்கரை அப்படியே ஓடவிட்டால், ஒரு ஃபோல்டரில் இருப்பதை மட்டும்தான் ஒரு பேஜில், அதாவது ஒரு பெரிய படத்தில், சேர்க்கும். அட்லஸ் ஃபைல் ஒன்றுதான். ஆனால் உள்ளே பேஜுக்கு ஒன்றாக டெக்ஸ்சர்கள் (கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவில் ஏற்றும் படங்கள்) நான்கைந்து இருக்கும்.

படங்களை வரைந்து தரும் ஸ்பிரைட்பேட்ச், நாம் வரையச் சொன்னதை உடனே ஜிபியுவுக்கு அனுப்பாது. ஒரே டெக்ஸ்சர் வந்துகொண்டிருக்கும்வரை சேர்த்து வைக்கும். வேறு டெக்ஸ்சர் வந்தால், அதுவரை சேர்த்ததை அனுப்பிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். என் கேமில் ஒவ்வோர் எதிரியின் தலைக்கு மேலும் ஓர் உயிர்ப்பட்டை உண்டு. எதிரி ஒரு பேஜில், பட்டை இன்னொரு பேஜில். எதிரி, பட்டை, எதிரி, பட்டை என்று மாறி மாறி 30 எதிரிகளை வரைந்தால் 60 டிரா கால், அதாவது ஜிபியுவுக்கு 60 தடவை அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே பேஜில் இருந்தால் மொத்தமே ஒன்றுதான்.

ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். பேட்சை எண்ட் செய்ததும் டிரா கால்களை எண்ணி வைக்கும் அதன் ரெண்டர்கால்ஸ் எண்ணை லாகில் எழுதுங்கள். எதிரி ஒன்று கூடும்போது எண் இரண்டு கூடினால் உங்கள் சிக்கலும் இதேதான்.

படங்களை வகை பார்த்துப் பிரிக்காமல், எந்தத் திரையில் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். மெனுவுக்கு ஒரு பேஜ், ஆட்டத்துக்கு ஒரு பேஜ். ஆட்டத்துக்குள் துணை ஃபோல்டர்கள் வேண்டுமென்றால் டெக்ஸ்சர்பேக்கரின் கம்பைன் சப்டைரக்டரீஸ் அமைப்பை ட்ரூ ஆக்கினால் போதும். பலரும் மறப்பது ஸ்கோர் எழுதும் ஃபான்ட்டின் படத்தை. அதையும் அதே பேஜில் போடுங்கள். கூடவே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியும். நிறம் மாற்றி இழுத்தால் அதுவே உயிர்ப்பட்டை ஆகிவிடும். பேட்சை நடுவில் நிறுத்திவிட்டு கோடு, கட்டம் வரையும் ஷேப்ரெண்டரரைக் கூப்பிட வேண்டியதில்லை.

அப்படியும் ஒரே பேஜில் அடங்கவில்லையா? முதலில் எல்லா எதிரிகளையும் வரையுங்கள், பிறகு எல்லாப் பட்டைகளையும். இரண்டே டிரா காலில் முடிந்துவிடும்.

மொத்தத்தையும் ஒரே 4096×4096 பிக்சல் பேஜில் திணிக்கும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். பிஎன்ஜி ஃபைல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மெமரியில் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி பிடிக்கும். மெனுவில் நிற்கும்போதே கடைசி லெவல் பாஸின் படமும் மெமரியில் உட்கார்ந்திருக்கும். 2048 என்றால் 16 எம்பி. பழைய போனுக்கு நான் அதைத் தாண்டுவதில்லை.

அட்லஸ் ஆக்கிய பிறகு வரும் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இரண்டு இரவு தூக்கம் போனது இதனால்தான். தரை ஓடுகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு. கேமரா நின்றால் காணாமல் போகும், நகர்ந்தால் மினுக்கும். அட்லஸில் படங்களுக்கு நடுவே விடும் இடைவெளியான பேடிங்கை 2 பிக்சலிலிருந்து 8 ஆக்கினேன், கோடு போகவில்லை. படத்தை மென்மையாகக் காட்டும் லீனியர் ஃபில்டர் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் நான்கைக் கலந்துதான் நிறம் எடுக்கும். ஓட்டின் விளிம்பில் அந்த நான்கில் சில பேடிங்குக்குள் விழும். பேடிங் வெறும் ஒளிபுகும் இடம். அதை எவ்வளவு அகலமாக்கினாலும் கலப்பது வெறுமைதான். டூப்ளிகேட் பேடிங்கை ட்ரூ ஆக்கினேன். விளிம்பின் நிறமே பேடிங்குக்குள்ளும் நீண்டது, கோடு போய்விட்டது.

ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் ஸ்ட்ரிப் ஒயிட்ஸ்பேஸைப் போட்டிருந்தால், அனிமேஷன் ஃப்ரேம்களை அட்லஸின் கிரியேட்ஸ்பிரைட் வழியாக எடுங்கள். ரீஜனை (அட்லஸில் ஒரு படம் இருக்கும் பகுதியை) நேரடியாக வரைந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் வேறு வேறு அளவுக்கு வெட்டப்பட்டிருக்கும், ஓடுகிற ஆள் நடுங்குவான்.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓடும் ரெண்டருக்குள், பெயர் சொல்லிப் படத்தைத் தேடும் ஃபைண்ட்ரீஜனை அழைக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுத்தான் அது தேடும். திரை திறக்கும்போதே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.