மேற்கத்திய இசைக்குறிப்பு கற்கும் மாணவருக்கு ட்ரெபிள் கிளெஃப் (உயர்ந்த சுரங்களுக்கான குறி) படிக்க வருகிறது, பேஸ் கிளெஃப் (தாழ்ந்த சுரங்களுக்கான குறி) வந்தால் மட்டும் ஏன் குழம்புகிறது?

ட்ரெபிளின் ஐந்து கோடுகளைக் கீழிருந்து 'ஈ, ஜி, பி, டி, எஃப்' என்று மனப்பாடம் செய்ததுதான் காரணம். பேஸ் வந்ததும் கண் அதே வரிசையைத் தேடும். ஆனால் பேஸின் அடிக்கோடு ஜி. ஒவ்வொரு இடத்திலும் பெயர் இரண்டு எழுத்து முன்னே போய்விடும்.

கிளெஃப் அலங்காரம் இல்லை, ஒரு கோட்டைக் காட்டித்தரும் குறி. ட்ரெபிளின் சுருள் கீழிருந்து 2-வது கோட்டைச் சுற்றி வளைகிறது: அது ஜி. பேஸின் இரு புள்ளிகளும் 4-வது கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கின்றன: அது எஃப். இரண்டையும் மாணவரைக் கையால் வரையச் சொல்லுங்கள், வரைந்த கோடு மறக்காது. அங்கிருந்து மேல்நோக்கி எண்ணட்டும்: கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்கு ஓர் எழுத்து, அடுத்த கோட்டுக்கு இரண்டு. ஜிக்குப் பின் மறுபடி ஏ.

மிடில் சி (பியானோவின் நடுப்பகுதியில் உள்ள சி) ட்ரெபிளில் கீழே ஒரு துணைக்கோட்டில் (ஐந்து கோட்டுக்கு வெளியே போடும் சிறு கோடு) இருக்கும், பேஸில் மேலே ஒரு துணைக்கோட்டில். பியானோவில் இரண்டும் ஒரே கட்டைதான். அழுத்திக் காட்டினால் இரண்டு ஸ்டாஃபும் (ஐந்து கோட்டுத் தொகுதிகள்) ஒன்றோடொன்று சேர்வது சட்டெனப் புரியும்.

நோட்டுக்கு அடியில் பெயர் எழுதித் தர வேண்டாம். கண் எழுத்தைத்தான் படிக்கும், நோட்டைப் பார்க்கவே பார்க்காது.