மினி சுமோ ரோபோவை 10 செ.மீ., 500 கிராம் விதிக்குள் அடக்குவது எப்படி?

தானாக இயங்கும் இரண்டு சின்ன ரோபோக்கள் ஒன்றையொன்று களத்துக்கு வெளியே தள்ளப் பார்க்கும் போட்டிதான் மினி சுமோ. இதில் ரோபோ 10 × 10 செ.மீ. பெட்டிக்குள் தானாக இறங்க வேண்டும்; அமுக்கினால் இறங்கும் என்பதெல்லாம் செல்லாது. அதனால் வரைபடத்தில் 98 மி.மீ. என்று வையுங்கள். மிச்சம் 2 மி.மீ.யை ஸ்குரூ தலையும் வெளியே வளையும் ஒயரும் தின்றுவிடும். எடை ஏறியதும் டயர் பக்கவாட்டில் பிதுங்கும், எனவே பேட்டரியோடு தரையில் நிற்க வைத்து அளந்து பாருங்கள்.

உயரத்துக்கு வரம்பில்லை. ஆட்டம் தொடங்கியபின் விரியவும் அனுமதி உண்டு. எதிராளியின் அடியில் நுழையும் முன்தகட்டைச் செங்குத்தாக மடித்து நிறுத்தி, முதல் குலுக்கலில் கீழே சாயும்படி கீல் போடுவது அப்படித்தான். கீலை இறுக்கமாகப் பொருத்துங்கள்: உதிரும் பாகங்கள் மொத்தம் 5 கிராமுக்குள் இருந்தால் பரவாயில்லை, மேலே போனால் ஆட்டம் போச்சு. தகட்டின் முனை களத்தைக் கீறினாலும் சிக்கல்தான்.

எடை குறைவாக இருப்பதும் நஷ்டமே; டயரின் பிடிமானம் எடையிலிருந்துதான் வருகிறது. 80 × 60 × 3 மி.மீ. இரும்புத் தகடு ஏறக்குறைய 113 கிராம். இப்படி ஒன்றை அடியில், சக்கர அச்சுக்கு அருகில் வைத்து 490 கிராமில் நிறுத்துங்கள். உங்கள் தராசும் நடுவரின் தராசும் ஒன்றுபோல் காட்டாது. கடைசி 20 கிராமைக் கழற்றக்கூடிய சின்னத் துண்டுகளாக வைத்தால் அங்கேயே சரிசெய்யலாம்.

பலர் மறப்பது காகிதச் சோதனை. ரோபோவை ஏ4 தாள்மேல் வைத்துத் தூக்கும்போது, தாள் இரண்டு நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் தகுதியிழப்பு. மிக மென்மையான சிலிகான் வார்ப்புச் சக்கரம், அதுவும் ஆல்கஹாலில் துடைத்த கையோடு, இதில் மாட்டும். கொஞ்சம் கடினமான சிலிகானுக்கு மாறுங்கள்.

அடுத்தது 5 நொடிக் காத்திருப்பு: தொடக்கப் பொத்தானை அழுத்தியபின் ரோபோ 5 நொடி அசையாமல் நிற்க வேண்டும். இதை நிரலில் எழுதுவது சுலபம், ஆபத்து வேறிடத்தில். எதிராளியோடு முட்டி மோட்டார் நின்றுபோகும் நேரத்தில் மின்னோட்டம் எகிறி, பேட்டரி மின்னழுத்தம் சரியும்; நிரலை ஓட்டும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகி, மறுபடி 5 நொடி எண்ண ஆரம்பிக்கும். அதற்குள் ரோபோ வெளியே கிடக்கும். லாஜிக் பகுதிக்கு (மைக்ரோகன்ட்ரோலர், சென்சார்கள்) மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் தனி ரெகுலேட்டர், அதன் உள்ளீட்டில் ஒரு டையோடும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திப் பாருங்கள், ரீசெட் ஆகக் கூடாது.

விதிகள் போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும். நீங்கள் போகும் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே தகடு வெட்டுங்கள்.