மலைச்சாலை மழைநீர் வடிகால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே புதிய நெடுஞ்சாலை அமைகிறது. சாலைக்கு அடியில் மழைநீரைக் கடத்தும் சிறுபாலத்தின் வாய் நேராகத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறது. இது முறையா?

பதில்: முறையல்ல. மலையில் மழைநீரைச் சாலையைவிட்டு இறக்கினால் மட்டும் போதாது. அது சேர வேண்டிய ஓடைவரை பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதும் வடிகால் பணியே. 2 ஹெக்டேர் சரிவில் மணிக்கு 60 மி.மீ. வீதம் மழை பெய்து, அதில் பத்தில் ஆறு பங்கு வழிந்தோடினால், விநாடிக்கு 200 லிட்டர் நீர் வந்து சேரும். சரிவெங்கும் பரவி இறங்கிக்கொண்டிருந்த அவ்வளவு நீரையும் ஒரே வாயில் திரட்டிக் கொட்டினால், வேர் பிடித்த மண்ணும் அரித்துப்போகும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைச் சிறிய குறையாகக் கருத மாட்டார்கள். நீர் விழும் இடத்தில் கருங்கல் பதித்த தளமும், அங்கிருந்து ஓடைவரை படிக்கட்டு வடிகாலும் வேண்டும் என்று நெடுஞ்சாலைப் பொறியாளரிடம் இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள். கான்கிரீட் போட்டபின் மாற்றுவது கடினம்.

கேள்வி: குன்னூரில் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரின் துளைகளில் அடைமழையிலும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. சுவர் உறுதியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ளாதீர்கள், எனக்கு அது கவலையளிக்கும் அறிகுறியாகவே படுகிறது. 100 மி.மீ. விட்டமுள்ள கசிவுத் துளைகளை ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில், வெளிப்புறம் சற்றே சாய்வாக வைத்து, சுவருக்குப் பின்னால் 600 மி.மீ. தடிமனுக்கு ஜல்லி வடிகட்டி அடுக்குவது வழக்கம். வெட்டியெடுத்த செம்மண்ணையே அங்கே கொட்டி நிரப்பியிருந்தால் துளைகள் அடைபட்டுவிடும். பின்புறம் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் மட்டுமே ஏறத்தாழ நாலரை டன் விசையுடன் தள்ளும். மண்ணின் அழுத்தம் தனி. சுவரில் புடைப்போ கிடைவிரிசலோ தெரிந்தால், அதன் கீழே யாரும் நடமாடாதபடி பார்த்துக்கொண்டு உடனே தகவல் கொடுங்கள்.

கேள்வி: சாலைக்கு அடியில் நீர் செல்லப் போடும் ஹியூம் குழாய்களை (கான்கிரீட் குழாய்களை) மேட்டுப்பக்கத்திலிருந்து பதிக்கலாமா?

பதில்: கூடாது. தாழ்வான முனையில் தொடங்கி, குழாயின் அகன்ற வாய் மேட்டை நோக்கி இருக்கும்படி பதிக்க வேண்டும். இருபுறமும் 150 மி.மீ. அடுக்குகளாகச் சமமாக மண்ணிட்டு இறுக்குங்கள். மேலே 600 மி.மீ. மண் சேரும்வரை கனரக வண்டிகளை விடாதீர்கள்.

கேள்வி: கூடலூர்ப் பக்கம் வெட்டுச்சரிவின் (சாலைக்காக மலையை வெட்டிய சரிவின்) தலைப்பில் வாய்க்கால் எடுக்கிறோம். அதற்குப் பூச்சு அவசியமா?

பதில்: அவசியம். பூசாத வாய்க்கால், திருப்பிவிட வேண்டிய நீரைச் சரிவுக்குள்ளேயே இறக்கிவிடும். அதைவிட வாய்க்கால் இல்லாமலிருப்பதே மேல். தென்மேற்குப் பருவமழை உங்கள் பகுதியில்தான் வலுவாகப் பெய்யும் என்பதால் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையை அதிகம் பெறும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தவர்களுக்குச் செப்டம்பர்வரை அவகாசம் உண்டு.