அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலைப் பார்க்க ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும், எந்த அணியில் தொடங்கலாம்?

2017-இல் எம்.எஸ். படிக்க நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துக்கு வந்தவன் நான். ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் வாலிபால் டோர்னமென்ட் நடக்கும், லைன் பார்க்க என்னை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஆட்டம் தெரியும் என்ற மிதப்பில்தான் முதல்முறை டெவானி அரங்கத்துக்குள் நுழைந்தேன். டிக்கெட் ஓசி. லேப் சீனியருக்கு அன்றைக்கு ஏதோ வேலை. (அது எவ்வளவு பெரிய தானம் என்று பிறகுதான் உறைத்தது. 2001-இலிருந்து நெப்ராஸ்கா பெண்கள் அணியின் ஹோம் மேட்ச் எல்லாமே ஹவுஸ்ஃபுல்.)

பக்கத்து சீட்டில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. மடியில் ஸ்பைரல் நோட்டு, கையில் பென்சில். ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் ஒரு கோடு கிழிப்பார். பாயின்ட் ஆனால் குறுக்கே இன்னொரு கோடு போட்டுக் கூட்டல் குறி ஆக்குவார். வெளியே போனாலோ, பிளாக் ஆகி அடித்தவள் பக்கமே விழுந்தாலோ அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம். எதிரணியில் ஒரு நெட்டைப் பெண் தரை பிளக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள். எந்த அணி என்றுகூட யோசிக்காமல் எழுந்து கைதட்டிவிட்டேன். பாட்டி முறைக்கவில்லை, நோட்டை என் பக்கம் திருப்பினார். பத்து கூட்டல், பத்து வட்டம். "சைபர்" என்றார்.

ஹிட்டிங் பர்சன்டேஜ் கணக்கு எனக்குப் புரிந்தது அங்கேதான். கில்லிலிருந்து (பாயின்ட் ஆன அடி) தவறுகளைக் கழித்து, மொத்த அடியால் வகுக்க வேண்டும். 40 முறை அடித்து 10 கில், 10 தவறு என்றால் பூஜ்யம். அதே 40-இல் 18 கில், 4 தவறு என்றால் .350, பிரமாதமான ஆட்டம். பார்வைக்கு முதல் பெண்தான் புலி. நீங்கள் ஸ்கோர்கார்டு பார்க்கும்போது கில் எண்ணிக்கையில் மயங்காமல் இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது, சர்வீஸ் போட்டவுடன் கண் தானாக வலைக்குப் போகும். போக விடாதீர்கள். வேறு நிற ஜெர்சியில் பின்வரிசையில் நிற்கும் லிபரோவை (பந்தை எடுத்துக் கொடுப்பதற்கென்றே இருப்பவள்) பாருங்கள். அவள் எடுக்கும் முதல் பந்து செட்டரின் (நம்ம ஊரில் லிஃப்டர் என்போம்) தலைக்கு மேலே வந்து இறங்கினால், நடுவில், இரண்டு ஓரத்தில், பின்னாலிருந்து என்று எங்கிருந்து வேண்டுமானாலும் அடி வரும். எதிரணியின் பிளாக்கர்களுக்கு யாரை மறிப்பது என்றே தெரியாது. அந்தப் பந்து நாலடி விலகிப் போய்விட்டால் செட்டருக்கு இருக்கும் ஒரே வழி ஓரத்துக்குத் தூக்கிக் கொடுப்பது. இரண்டு பேர் அங்கே சுவர் மாதிரி காத்திருப்பார்கள். பாயின்ட்டில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. நெப்ராஸ்காவுக்கு 2024 வரை ஆடிய லெக்ஸி ரோட்ரிகஸின் பழைய மேட்ச் ஏதாவது கிடைத்தால் அவள் காலை மட்டும் ஒரு செட் முழுக்கப் பாருங்கள். எதிரே கை ஓங்குவதற்குள் அவள் இடம் மாறியிருப்பாள்.

எந்த அணி? என்னைக் கேட்டால் நெப்ராஸ்கா என்றுதானே சொல்வேன். அந்த மாநிலத்தில் பெரிய லீக் அணி எதுவும் கிடையாது. உள்ள பாசமெல்லாம் கல்லூரி ஃபுட்பாலுக்கும் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) இந்தப் பெண்களுக்கும்தான். 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி ஒரு மேட்சுக்கு 16,833 பேரைக் கூட்டியது இவர்களுக்குப் பொறுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று ஃபுட்பால் மைதானத்தின் நடுவே தரை விரித்து, வலை கட்டி, ஒமாஹா அணியோடு ஆடினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். லிங்கனின் மொத்த மக்கள்தொகையே சுமார் மூன்று லட்சம்தான். எனக்குக் கிடைத்தது உச்சாணி வரிசை. அங்கிருந்து பந்து எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது, பாதி நேரம் பெரிய திரையைத்தான் பார்த்தேன். 3-0 என்று எளிதாக ஜெயித்தார்கள். ஆட்டம் என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் ஒரு பெண்கள் வாலிபால் மேட்சுக்கு ஃபுட்பால் நாள் போல ஊரே சிவப்புச் சட்டையில் நடந்து போனதை மறக்க முடியாது.

அழவும் தயாராக இருங்கள். 2024 டிசம்பர், லூயிவில்லில் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) போட்டியின் அரையிறுதி. பென் ஸ்டேட்டை (பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணி) 2-0 என்று மடக்கியாயிற்று. நாலாவது செட்டில் 22-16. நான் டீ போட எழுந்தேன். (என் மனைவி இன்றுவரை அந்த டீயைத்தான் குறை சொல்கிறாள்.) மேட்ச் பாயின்ட்டைக்கூட விட்டு, அந்த செட் 28-26, கடைசி செட் 15-13 என்று கையை விட்டுப் போனது. மூன்று நாள் கழித்து பென் ஸ்டேட் கோப்பையும் வாங்கியது. அவர்களுடைய கோச் கேட்டி ஷூமேக்கர்-காலி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அந்த சீசனை நடத்தியவர். 1981-இல் தொடங்கிய என்சிஏஏ முதல் டிவிஷன் போட்டியில் கோப்பை வென்ற முதல் பெண் கோச் அவர்தான். பெண்கள் ஆட்டத்தில் அதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! வயிற்றெரிச்சலோடுதான் கைதட்டினேன்.

ஒருத்தியின் ரசிகராக மட்டும் இருந்தால் கஷ்டம். நாலு வருஷத்தில் படிப்பு முடிந்து போய்விடுவாள். இப்போது அதற்கு முன்பே கல்லூரி மாறுவதும் சகஜம். 2023-இல் நெப்ராஸ்காவுக்கு ஆடிய ஆலி பேட்டன்ஹார்ஸ்ட் அடுத்த வருஷமே கலிஃபோர்னியாவில் யுஎஸ்சி பல்கலைக்கழக ஜெர்சியில் நின்றாள். முதல் தடவை துரோகம் மாதிரி இருக்கும். பழகிவிடும்.

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும். லிங்கனில் வெள்ளி இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் சென்னையில் சனிக்கிழமை காலை 5:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 6:30. பால்காரர் வரும் நேரம்தான். ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.